மெக்கானிக் புடிக்கல

சின்னவனே, இதை நடந்துகினே படிக்காத, ஒரு எடத்துல உக்காந்து படி. நீளமா இருக்கும். உங்க அப்பனுக்கு எதையும் சுருக்கமா சொல்ல வராதுன்னு உனக்குத் தெரியும். சொல்ல வேண்டியதைத் தவிர மத்த எல்லாத்தையும் சொல்லுவேன்னு உங்க அம்மா சொல்லுவா. அது நெசம்தான். அதனாலதான் போன்ல பேசாம எழுதுறேன். எழுதி முடிச்சதும் முதல்ல உங்க அம்மா கையில கொடுப்பேன். அப்புறம் பக்கம் பக்கமா போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவேன். அதுக்கப்புறம் நம்ம மாதா கோயில் மாதப் பத்திரிகையில போடச் சொல்லி சாமியார்கிட்ட கொடுக்கப் போறேன். புள்ளைக்கு எழுதுற கடிதத்தை ஊருக்கு எதுக்குக் காட்டணும்னு நெனைப்ப. உன்னைப் பத்தி ஊரே பேசுச்சி. பேசுனவங்க படிக்கணும். பேரு எதுவும் போடல. கருவடிக்குப்பத்துல நம்ம தெருக்காரங்களுக்குப் பேரு போடத் தேவையும் இல்ல.

போன மாசம் எனக்கு ஒரு போட்டோ அனுப்புன. தலையே இல்லாத ஒரு கரண்டு கிடார். கீழ எழுதியிருந்த: 'இதுல மெக்கானிக் எங்கப்பா இருக்கு? தலையில்லாம எப்படி நிக்குது? அந்தக் காலத்துல இருந்து தலைங்க மாறுன கதையை ஒரு தடவை சொல்ல ஆரம்பிச்ச, முடிக்கவே இல்ல.' ஏழு வருஷம் கழிச்சி நீ என்னை ஒரு கேள்வி கேட்டிருக்க. இந்த ஏழு வருஷமா போன் வந்தா, நான் எடுத்தா, 'அம்மா இருக்காங்களா' அவ்வளவுதான். உன் மெசேஜைப் பாத்துட்டு பெஞ்சுல அப்படியே உக்காந்துட்டேன். கடைசியில என்ன பதில் போட்டேன்? 'நல்லா இருக்கு.' அட, ஏழு வருஷம் கழிச்சி புள்ள கேக்குறான், அப்பன் போட்ட பதிலைப் பாரு! அந்த மெசேஜுல ஒரு வார்த்தை இருந்துச்சி. அதைத் தெரிஞ்சி எழுதுனியா, தெரியாம எழுதுனியான்னு இன்னி வரைக்கும் எனக்குப் புரியல.

போன ஞாயித்துக்கிழமை கோயில்ல உன் கல்யாண அறிவிப்பை, முதல் ஓலையை, வாசிச்சாங்க. நீ பெங்களூர்ல இருக்க, உனக்கு அது ஒரு சடங்கு. நான் மூணாவது பெஞ்சுல உக்காந்திருந்தேன். உன் பேரையும் பொண்ணு பேரையும் படிச்சிட்டு, இவங்களுக்குள்ள ஏதாவது தடை இருக்குறதா அறிஞ்சவங்க பங்குச் சாமியார்கிட்ட தெரியப்படுத்தணும்னு சொன்னாங்க. எத்தனையோ பேருக்கு வாசிச்சிக் கேட்டிருக்கேன், ஒரு தடவைகூட காதுல விழுந்ததில்ல. அன்னிக்கு விழுந்துச்சி. பின்னாடி பெஞ்சுல ஒரு பொம்பள பக்கத்துல இருக்குறவகிட்ட, 'இவன்தான், அண்ணனை வண்டியில அனுப்பிக் கொன்னுட்டு ஊரை விட்டே போனவன்'னு குசுகுசுன்னு சொன்னா. எனக்குத் திரும்பிப் பாக்கத் தைரியம் இல்ல. பூசை முடியறதுக்குள்ள எழுந்து வந்துட்டேன்.

சரி. முதல்ல நீ கேட்டதுக்குப் பதில். தப்பிக்கிறேன்னு நெனைக்காத. அந்தக் கதையைச் சொல்லாம மத்ததைச் சொல்ல முடியாது.

கிடாருக்குத் தலைன்னு நாம சொல்றது கழுத்துக்கு மேல கம்பிங்க போய் முடியற பலகை. கம்பியை முறுக்குற சாவிங்க அதுலதான் இருக்கும். மெட்ராஸ்காரங்க கீன்னு சொல்லுவாங்க. நம்ம வீட்டுல மட்டும் அது மெக்கானிக். மில்லுல தச்சு வேலை செஞ்சிகினே ஞாயித்துக்கிழமையில நான் ரிப்பேர் பாத்த டவுன் வாத்தியக் கடை இருந்துச்சே, அந்தக் கடைக்காரரை எல்லாரும் முசேன்னுதான் கூப்பிடுவோம், பிரெஞ்சுல ஐயான்னு அர்த்தம். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துல படிச்சவரு. பிரெஞ்சுல அதுக்கு அப்படித்தான் பேராம். அவரு வாயில இருந்து என் வாய்க்கு வந்து, என் வாயில இருந்து உங்க ரெண்டு பேருக்கும் தொத்திக்கிச்சி. வெளியில போய் அப்படிச் சொன்னா டூவீலர் ஷெட்டுக்குத்தான் வழி காட்டுவாங்க. பெரியவன் ஒரு தடவை சென்னையில ஒரு கடையில போய் 'ஆறு மெக்கானிக் வேணும்'னு கேட்டு, 'ஒரு வண்டிக்கு எதுக்குப்பா ஆறு பேரு'ன்னு அவன் கேட்டதை வீட்டுக்கு வந்து நடிச்சிக் காட்டுனான். உங்க அம்மா சிரிச்சி சிரிச்சிப் புரையேறி, நீதான் தண்ணி கொண்டாந்து குடுத்த.

கரண்டு கிடார் பரவுன அம்பதுகள்ல ரெண்டு கட்சி இருந்துச்சி. ஒரு கட்சி, வயலினும் மாண்டலினும் செஞ்ச பழைய கைக்காரங்க வழி. தலையைப் பின்னாடி சாய்ச்சி வெட்டுவாங்க, இந்தப் பக்கம் மூணு மெக்கானிக், அந்தப் பக்கம் மூணு. மேல் விளிம்பை வளைச்சி, சிப்பி பதிச்சி, மாப்பிள்ளை அலங்காரம்தான். இன்னொரு கட்சி, ரேடியோ ரிப்பேர் பண்ற புத்திக்காரங்க. தலையை எதுக்குச் சாய்க்கணும், மரம்தானே வீணாவுதுன்னு, கழுத்தையும் தலையையும் ஒரே பலகையில நேரா அறுத்து, ஆறு மெக்கானிக்கையும் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒரே பக்கம் நிக்க வெச்சிட்டாங்க. கம்பி வளையாம நேரா ஓடும், சுருதி நிக்கும். ஆனா தலை சாயாததால மெல்லிசுக் கம்பிங்க எழும்பும், அதை அழுத்திப் புடிக்க ஒரு சின்னக் கொக்கி வெக்கணும். அறுபதுகள்ல அந்த நேர்த் தலையைப் பெருசாக்குனாங்க. ஏன்னு கேட்டா முசே சிரிப்பாரு. 'டிவி வந்துடுச்சிப்பா, கம்பெனி பேரு தூரத்துல இருந்து தெரிய வேணாமா'ன்னுவாரு. அவரு கடைக்குப் போன புதுசுல நான் இதையெல்லாம் கையில தொட்டதில்ல. பிரான்ஸ்ல இருந்து அவருக்கு வர்ற புத்தகத்துல படமாத்தான் பாத்திருக்கேன். படத்துல கோடு போட்டு அளவு எடுப்பேன், பைத்தியக்காரன்.

எழுபதுகள்ல சாய்ஞ்ச தலைக்காரங்களுக்கு ஒரு சங்கடம் வந்துச்சி. கிடார் கீழ விழுந்தா தலை ஒடைஞ்சிது. சாய்ச்சி வெட்டும்போது மரத்தோட நார் குறுக்கா அறுந்துபோவுது. போதாக்குறைக்கு, கழுத்துக்குள்ள ஓடுற இரும்புக் கம்பியைத் திருகுறதுக்கு அந்த எடத்துலயே குடைஞ்சி வேற வெச்சிருப்பாங்க. சும்மா செவுத்துல சாய்ச்சி வெச்சது சரிஞ்சாலே படக்குன்னு போயிடும். அதனால கழுத்துக்குப் பின்னாடி ஒரு முண்டு விட்டு அந்த எடத்தைப் பருமனாக்குனாங்க, சாய்வையும் கொறைச்சாங்க. வாசிக்கிறவங்களுக்கு அந்த முண்டு புடிக்கல, பழசு மாதிரி இல்லன்னு மூஞ்சியைத் தூக்குனாங்க. கம்பெனிக்காரங்க அதை எடுத்துட்டாங்க. திரும்ப ஒடைய ஆரம்பிச்சிது. என் மேசைக்கு வந்ததுல முக்காவாசி அந்த எடத்துல ஒடைஞ்சதுதான். ஒட்டுறது கஷ்டமில்ல, பசை போட்டு கிளாம்ப் முறுக்குற அந்த அஞ்சு நிமிஷம்தான் உசுரு. அந்த நேரத்துல கண்ணை எடுத்தா ஒரு நூல் நகந்து போயிடும், அப்புறம் ஆண்டவனே வந்தாலும் நிமித்த முடியாது. இதை நெனைப்புல வெச்சிக்கோ.

எண்பதுல கூர்த்தலை வந்துச்சி. ஈட்டி மாதிரி, ஹாக்கி மட்டை மாதிரி, வாழைப்பழம் மாதிரிகூட. அங்க எண்பதுல வந்தது நமக்குத் தொண்ணூறுலதான் வந்துச்சி. எங்க மெல்லிசைக் குழுவுல நான் லீடு கிடார், கேக்கணுமா? என்கிட்ட இருந்தது கல்கத்தாவுல செஞ்ச நேர்த்தலைக் கிடார். ஒரு சனிக்கிழமை ரம்பத்தை எடுத்து அதோட தலையைக் கூராக்கி, கறுப்பு பெயின்ட் அடிச்சேன். அப்பத்தான் கல்யாணம் ஆன புதுசு. உங்க அம்மா வாசப்படியில நின்னு பாத்துட்டு, 'யாரைக் குத்தப் போற?'ன்னா. கோயில் திருவிழா மேடையில ஒரு ஆட்டம் போட்டுத் திரும்புனேன் பாரு, தலை போய் சீரியல் லைட்டு ஒயருல மாட்டி, மேடை மொத்தமும் கரண்டு போச்சி. பாடிகினு இருந்தவரு இருட்டுல பாதிப் பாட்டோட நிக்கிறாரு. யாருடா இதுன்னு கேட்டப்ப நான் வாயைத் தொறக்கல. ஒயரிங் சரியில்லன்னு எலக்ட்ரீஷியனைத் திட்டுனாங்க. உங்க அம்மாவுக்கு மட்டும் தெரியும், வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் என் முதுகுல குத்தி குத்திச் சிரிச்சா. அன்னிக்கு நானும் சேந்து சிரிச்சேன். வாயை மூடிகினு இருந்தா தப்பு அடுத்தவன் தலையில போய்ச் சேரும்னு ஒரு பாடத்தை அன்னிக்குத்தான் கத்துகினேன் போல. கேடுகெட்ட பாடம்.

அப்புறம் வந்ததுதான் திருப்பிப் போட்ட தலை. மெக்கானிக்கெல்லாம் மேல் பக்கம் இல்லாம கீழ் பக்கம் பாத்து நிக்கும். பாக்க ஒரு மாதிரி துடுக்கா இருக்கும், மத்தபடி பெரிய லாபம் ஒண்ணும் கெடையாது. பதினஞ்சு வயசுல உனக்கு அதுதான் வேணும்னு சாப்பிடாம கெடந்த. முடியாதுன்னுட்டேன். பெரியவன்தான் என்கிட்ட வந்தான். 'நான் மரத்தை அறுத்துத் தர்றேன், நீ வளைவு மட்டும் போட்டுக் குடு, அவனுக்குத் தெரிய வேணாம்'னான். உன்னைவிட மூணு வயசுதான் பெரியவன், ஆனா உன் விஷயத்துல எனக்கே அப்பன் மாதிரி பேசுவான். ஒரு மாசம் நீ ஸ்கூலுக்குப் போன நேரமெல்லாம் அவன் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சான். உன் பொறந்த நாளுக்கு அதைக் கையில குடுத்தப்ப நீ என்னைக் கட்டிப்புடிச்ச. அவன் பின்னாடி நின்னு எனக்குக் கண்ணடிச்சான். அவன் தேய்ச்சதுன்னு உன்கிட்ட நானும் சொல்லல, அவனும் சொல்லல. இப்ப சொல்லிட்டேன்.

தலையில்லாத கிடாரும் எண்பதுலயே வந்ததுதான். எல்லாரும் கிண்டல் பண்ணாங்க, துடுப்பு மாதிரி இருக்குன்னு. கொஞ்ச நாள்ல காணாமப் போச்சி. இப்ப திரும்ப வந்திருக்கு, தோளுக்கு பாரம் இல்ல, ஒடையறதுக்குத் தலையும் இல்ல. நீ கேட்ட மெக்கானிக் அடியில இருக்கு, வலது கை பக்கத்துல, கம்பிங்க வந்து உக்கார்ற பாலத்துக்குப் பின்னால வரிசையா சின்னச் சின்னக் குமிழா தெரியுது பாரு, அதுதான். மேல கம்பியைப் புடிக்கிறதோட சரி, முறுக்குறதெல்லாம் கீழ. உன் கேள்விக்குப் பதில் முடிஞ்சிபோச்சி. இனிமே நான் ஒளிஞ்சிக்க எடமில்ல.

அன்னிக்குக் காலையில நீ சென்னைக்கு இன்டர்வியூவுக்குக் கெளம்புன. நான் முன்ரூம்ல ஒரு கிடாரை மடியில வெச்சிகினு இருந்தேன். சாய்ஞ்ச தலை, கழுத்துல ஒடைஞ்சது. பசை தடவி, கிளாம்ப் போட்டு, முறுக்கிகினு இருந்த நேரம். நீ பையை மாட்டிகினு செருப்பைத் தேடிகினே வாசல்ல இருந்து சொன்ன. அதை ஏழு வருஷமா ஒரு நாளும் மறக்கல, ஒரு எழுத்து மாறாம சொல்றேன். 'அப்பா, மெக்கானிக்கப் பாக்கணும், புடிக்கவே மாட்டேங்குது. அண்ணன எடுக்க வேணாம்னு சொல்லிடு. நான் வந்து பாத்துக்கறேன்.' நான் சொன்னேன், 'சரிடா, சொல்லிடறேன், நீ பஸ்ஸைப் புடி.' தலையைத் தூக்கல. உன் மூஞ்சியைப் பாக்கல. பாத்திருந்தா, நீ கையை வாசலுக்கு வெளிய நின்ன வண்டிப் பக்கம் காட்டிச் சொன்னது தெரிஞ்சிருக்கும். அப்படிக் காட்டியிருப்ப, நீ கையில்லாமப் பேச மாட்ட.

என் காதுல விழுந்தது கிடாரு. மடியில கிடாரு, எதிர்ல செவுத்துல உன் கிடாரு. அன்னிக்குச் சாயந்திரப் பூசையில பெரியவன் உன் கிடாரை எடுத்து வாசிக்கிறதா இருந்துச்சி. மெக்கானிக் புடிக்கலன்னா கம்பி நிக்கல, சுருதி எறங்குது, அதனால எடுக்க வேணாம்ன்றான். இது தவிர வேற எதுவும் எனக்குத் தோணல. வெளியில யாருகிட்ட சொல்லியிருந்தாலும், பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட சொல்லியிருந்தாலும், வண்டியிலதான் ஏதோ கோளாறுன்னு அவன் புரிஞ்சிகினு இருப்பான். இந்த உலகத்துலயே அதைத் தப்பாப் புரிஞ்சிக்கக்கூடிய ஒரே ஆளு நான். என்கிட்டதான் நீ சொல்லிட்டுப் போன.

பெரியவன் குளிச்சிட்டு வந்தான். கூட வேலை செய்யறவனோட அப்பாவைக் கோரிமேட்டு ஆஸ்பத்திரியில சேத்திருந்தாங்க, அவங்களுக்குச் சாப்பாடு கொண்டு போகணும். உங்க அம்மா கேரியர் கட்டிக் குடுத்தா. 'டேய், தம்பி கிடாரை எடுக்காதியாம், மெக்கானிக் புடிக்கலையாம்'னேன். 'கோரிமேட்டுக்கு நான் என்னா கச்சேரி பண்ணவா போறேன்?'ன்னு சிரிச்சான். சிரிச்சிட்டு, செவுத்துல இருந்து எடுத்து நாலு தட்டு தட்டிப் பாத்தான். 'நல்லாதாம்பா புடிக்குது. கம்பியெல்லாம் கும்முன்னு நிக்குது'ன்னான். திரும்பச் செவுத்துல மாட்டிட்டான். அந்த நிமிஷமாவது எனக்கு உறைச்சிருக்கணும், நல்லா இருக்குறதைப் புடிக்கலன்னு ஏன் சொல்லிட்டுப் போறான்னு. பசை காயுதேன்னு இருந்தேன். 'வண்டிய எடுத்துட்டுப் போறேன்'னான். 'போயிட்டு வா'ன்னேன். நான்தான்டா 'போயிட்டு வா'ன்னேன்.

கோரிமேட்டுல வெளியூர் பஸ் ஒண்ணு நின்னு நோயாளிங்களை எறக்கிகினு இருந்துச்சி. ஒரு பெரியவரைக் கைத்தாங்கலா எறக்குனாங்களாம். இவனுக்கு பிரேக் புடிக்கல. அவங்க மேல மோதக் கூடாதுன்னு ஒடிச்சித் திருப்பி ரோட்டு நடுக்கட்டையில போய் அடிச்சான். ஆஸ்பத்திரி எதுத்தாப்புலயே இருந்துச்சி. இருந்து என்னா.

நீ சென்னையில இருந்து வந்து எறங்குனப்ப அவனைக் கூடத்துல வெச்சிருந்தோம். வண்டியைப் பாத்தவங்க பிரேக் ஒயர் தேஞ்சி நூலா இருந்துச்சின்னு சொல்லிட்டாங்க. உங்க அத்தை, என் அக்கா, எல்லாரும் இருக்கச்சே உன்னைப் புடிச்சி உலுக்குனாங்க. 'நேத்து வண்டிய நீதானடா ஓட்டுன? பிரேக் இல்லன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?' நீ சொன்ன, 'தெரியும் அத்தை, அப்பாகிட்ட சொன்னேனே, மெக்கானிக்கப் பாக்கணும், எடுக்க வேணாம்னு அண்ணன்கிட்ட சொல்லச் சொன்னேனே.' அந்த வார்த்தை உன் வாயில இருந்து வந்ததும் எனக்கு எல்லாம் புரிஞ்சிபோச்சி. ஒரு நொடியில. கூடத்துல இருந்தவங்க எல்லாம் என்னைப் பாத்தாங்க. உங்க அம்மா அவன் கால்மாட்டுல இருந்து தலையைத் தூக்கி என்னைப் பாத்தா. நான் சொன்னேன், 'எங்கிட்ட எதுவும் சொல்லலியேடா.'

அதான்டா நான் செஞ்சது. காது தப்பாக் கேட்டது ஆண்டவன் செயல்னு யாராவது மன்னிச்சிடுவாங்க. ஆனா அந்த மூணு வார்த்தை என் வாயில இருந்து, நல்லாத் தெரிஞ்சி, வந்துச்சி. உங்க அம்மா பார்வைக்குப் பயந்துகினு சொன்னேன். பெத்த புள்ளையைப் பலி குடுத்துட்டு என்னைக் காப்பாத்திகினேன்.

அதுக்கப்புறம் நடந்ததையும் பாத்துகினுதான் நின்னேன். முதல் நாளு 'சொன்னேன்'ன்ன. மறுநாளு, மண்ணெடுத்துப் போட்டுட்டு வந்தப்புறம், 'சொன்ன மாதிரிதான் இருக்கு'ன்ன. ஏழாம் நாளு உங்க அம்மா காலைப் புடிச்சிகினு, 'சொல்லணும்னு நெனைச்சிகினே பஸ்ஸுக்கு ஓடிட்டேன் போலம்மா'ன்னு அழுத. ஏழே நாள்ல உன் சொந்த ஞாபகத்தை உன்கிட்ட இருந்து நான் புடுங்கிட்டேன். உங்க அம்மா அன்னிக்குத் தன் காலை இழுத்துகினா, நெனைப்பிருக்கா? உன்னைத் தொடாம எழுந்து உள்ள போனா. அப்பவாவது வாயைத் தொறந்திருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம், முப்பது முடியட்டும், வருஷம் திரும்பட்டும்னு தள்ளிகினே வந்தேன். தள்ளத் தள்ள அது பெருசாகிகினே போச்சி. நீ பெங்களூருக்குப் போன. கிடாரைத் தொடல. நான் நிம்மதியா தூங்குனேன்னு நெனைக்காத, ஆனா தூங்குனேன், அதையும் சொல்லிடறேன்.

பொண்ணு வீட்டுக்குப் பேசப் போனோமே, அங்க அவங்க அப்பா அம்மா முன்னாடி நீ எழுந்து நின்ன. 'எங்க அண்ணன் சாவுக்கு நான்தான் காரணம். தெரிஞ்சிகினு பொண்ணு குடுங்க'ன்ன. அந்தப் பொண்ணு, 'என்கிட்ட முன்னாடியே சொல்லிட்டாரு'ன்னு மெதுவாச் சொல்லுச்சி. காபி டம்ளரைக் கையில வெச்சிகினு நான் தரையைப் பாத்துகினு உக்காந்திருந்தேன். செய்யாத தப்பை நீ எழுந்து நின்னு ஒத்துக்கற, செஞ்சவன் உக்காந்து காபி குடிக்கிறேன். எம்மா பெரிய மனுஷன் பாரு, சம்பந்தி!

கல்யாணம் பண்ணிக்கப் போறவனுக்கு அப்பன் புத்தி சொல்லணும்பாங்க. எந்த மூஞ்சியை வெச்சிகினு சொல்றது? இருந்தாலும் கேளு. வீட்டுல யாராவது வாசல்ல நின்னு ஏதாவது சொன்னா, கையில இருக்குறது நாசமாப் போனாலும் பரவாயில்லன்னு நிமிந்து பாரு. 'என்னா சொன்ன, எதைச் சொன்ன'ன்னு ஒரு தடவை திருப்பிக் கேளு. அந்தப் பொண்ணுக்கு அவ வீட்டு வார்த்தைங்க இருக்கும், உனக்கு நம்ம வீட்டு வார்த்தைங்க. ஒண்ணாத் தோணும், ஒண்ணா இருக்காது. அப்புறம், ஏதாவது தப்பு பண்ணிட்டா அந்த நிமிஷமே ஒளறிடு, அடி விழுந்தாலும் விழட்டும். என்னை மாதிரி ஆகாத. இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல.

இப்ப நம்ம தெருவுக்கும், கோயில்ல பின்னாடி பெஞ்சுல உக்காந்து குசுகுசுன்னு பேசுறவங்களுக்கும் சேத்துச் சொல்றேன். என் சின்ன மகன் வண்டி சரியில்லன்னு என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனான். அண்ணன்கிட்ட அதை எடுக்க வேணாம்னு சொல்லச் சொல்லிட்டுத்தான் போனான். நான் கேட்டேன், சரின்னேன், தப்பாப் புரிஞ்சிகினேன், அப்புறம் தெரிஞ்சே பொய் சொன்னேன். அவன் மேல ஒரு குத்தமும் இல்ல. காறித் துப்பணும்னா என் வீடு எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்.

மேல எழுதுனதோட நிறுத்தி, நேத்து பூசை முடிஞ்சி வந்ததும் உங்க அம்மாகிட்ட குடுத்தேன். அடுப்பை அணைச்சிட்டு, கண்ணாடி போட்டுகினு, சாப்பாட்டு மேசையில உக்காந்து படிச்சா. கத்துவா, அடிப்பான்னு எதிர்பாத்து நின்னேன். கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சிட்டு, ரெண்டாம் தடவை முதல்ல இருந்து படிச்சா. பேப்பரை அடுக்கி என் பக்கம் தள்ளிட்டுப் போய், பையில ரெண்டு புடவை எடுத்து வெச்சா. இன்னிக்குக் காலையில பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாடியே போனேன். பையை வாங்கப் போனேன், குடுக்கல. போன் பண்ணி அவன்கிட்ட சொல்லட்டுமான்னேன். 'போன்லயெல்லாம் வேணாம். நான் நேர்ல போய் அவன் காலைப் புடிக்கணும்'னா. கல்யாணத்துக்கு நான் வரலாமான்னு கேட்டேன். அதை நீதான் சொல்லணும்னுட்டா. நீ வேணாம்னா வேணாம், நான் கோவிச்சிக்க மாட்டேன்.

பெங்களூர் பஸ்ஸுல ஏறி ஜன்னலோரம் உக்காந்தா. நான் கீழ நின்னுகினு இருந்தேன், தண்ணி பாட்டில் வேணுமான்னு கேட்டேன். அப்பத்தான் என்னைத் திரும்பிப் பாத்தா. 'அவன் சொன்னான்னு அன்னிக்கே நீ சொல்லியிருந்தா, எனக்கு ஒரு புள்ளையாவது மிச்சம் இருந்திருப்பான்'னா. பஸ் கெளம்பிடுச்சி.

சாயந்திரம் அஞ்சு மணிக்கு வந்து சேருமாம். முன்கூட்டியே போய் நில்லுடா.